வட்டி கட்டி மகிழும் தந்தையர்

வாசகரே, வருமானத்தைவிட வரிவிலக்கை அதிகம் நேசிக்கும் தகப்பன்மார் இனம் ஒன்று மும்பையில் உண்டு. சம்பளம் கூடினால் இவர்கள் முகம் வாடும். ரசீது ஒன்றை நீட்டினால் மலரும். பிள்ளையின் பிறந்தநாள் மறந்துபோகும். முதல் பள்ளிக் கட்டண ரசீதின் தேதி மறக்காது.

செம்பூர் திலக் நகர் தனசீலன் இந்த இனத்தின் திலகம். கப்பல் கம்பெனியில் பெரிய அதிகாரி, வருடத்துக்கு நாற்பது லட்சம் சம்பளம், மகள் ஜெஸி பல் மருத்துவம் படித்து முடிக்கும்வரை கட்டணம் கட்டப் போதுமான பணம் வங்கியில் வைப்புத்தொகையாகத் தூங்குகிறது. ஆனாலும் கல்விக் கடன் வாங்கினார்.

"பணம் இருக்கையில கடன் எதுக்கு?" என்றார் மனைவி ஜாக்குலின்.

"படிப்புக் கடனுக்குக் கட்டுத வட்டிக்கு வரி கிடையாதுல்லா. உனக்குச் சொன்னாப் புரியாது."

நூறு ரூபாய் வட்டி கட்டினால் முப்பது ரூபாய் வரி மிச்சம். மீதி எழுபது? அதை அவரிடம் கேட்கக் கூடாது.

பதினெட்டு வயதில் ஜெஸியும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். மாதாமாதம் வட்டி கட்டச் சொல்லி வங்கியிலிருந்து அவள் போனுக்குச் செய்தி வந்தது. அதைத் தோழி ஒருத்தி பார்த்தாள். கடனில் தவிக்கும் குடும்பம் என்று விஷயம் மாதா கோயில்வரை போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபக் கூட்டத்துத் தெரசம்மாள், நான்கு வீடுகளில் சமைத்துப் பிழைப்பவர், மாஹிமிலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு கவரை நீட்டினார். உள்ளே ஐயாயிரம்.

"எல்லாரும் சேந்து போட்டது தம்பி. பிள்ளை படிப்புக்கு எங்களால ஆனது. சங்கடப்படாதீங்க."

தனசீலன் நெகிழ்ந்துபோனார். எதற்கு என்கிறீர்கள்?

"அடடா, இதுக்கு உங்களுக்கு வரிவிலக்கு வராதேக்கா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

ஜெஸிக்கு முகம் எரிந்தது. கவரைத் திருப்பிக் கொடுத்து, தெரசம்மாளை பஸ் ஏற்றிவிட்டு வந்தவள், நேராக அப்பாவின் லேப்டாப்பைத் திறந்தாள்.

"அப்பா, ஆபீஸ்ல புது வரி முறைதான எடுத்திருக்கீங்க?"

"ஆமா. அதுலதான வரி கம்மி."

"அதுல இந்த வட்டிக்கு விலக்கே கிடையாது."

"அப்போ பழைய முறைக்கு மாறிருவோம்."

"மாறினா லட்சத்துக்கு மேல வரி கூடுது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ரெண்டு வருசமா நீங்க சும்மா வட்டி கட்டிருக்கீங்க. அவ்ளோதான்."

அவர் லேப்டாப்பை மூடினார். பிறகு மெல்லக் கேட்டார்: "தெரசம்மாக்கா நம்மளக் கடன்காரங்கன்னு நினைச்சிட்டாங்களோ?"

"கடன்காரங்கதானப்பா. நானுந்தான்."

அந்த 'நானுந்தான்' அவரைச் சுட்டது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளோடு வங்கிக்குப் போய்க் கடனை முழுசாக அடைத்தார். மேலாளர் எழுந்து கைகுலுக்கினார். கையை விடாமலே தனசீலன் கேட்டார்:

"முன்கூட்டியே அடைச்சா அதுக்கு விலக்கு ஏதும் உண்டா சார்?"

ஜெஸி அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இந்தப் புத்தகத்தை வாங்கும்போது பில்லைக் கம்பெனி பெயரில் போடச் சொன்னீர்களே, அது எதற்கு?