பாவா வைத்த கதவு

திருத்தணியில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், மொட்டையடிக்க வந்து ரயிலைத் தவறவிட்டவர்கள் எல்லோரையும் ஒரு தட்டில் வைத்தாலும், பாவா அளவுக்கு ஒரு மனிதனின் பொறுமையைச் சோதித்தவர் யாரும் இருக்க முடியாது. அந்த மனிதன் நான்தான். அவருடைய காருக்கு டிரைவராக இருந்தேன்.

பாவா என்பது அவர் பெயர் அல்ல; தெலுங்கில் அக்கா புருஷனைக் கூப்பிடும் சொல். புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவர். மனைவிக்கு ஏகப்பட்ட தம்பிகள். தெருவுக்கு ஒரு தம்பி நின்று "பாவா, பாவா" என்று கூப்பிட்டதில் ஊரே அவருக்கு மைத்துனன் ஆகிவிட்டது. தபால்காரரும் பாவா என்றார், கோயில் குருக்களும் பாவா என்றார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விறகுத் தொட்டி வைத்து வியாபாரம் செய்தார். அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

யுத்தம் முடிந்து, பெட்ரோல் கூப்பன் மட்டும் முடியாமல் இருந்த காலம். பக்கத்து ஜமீன் ஒன்றில் பழைய கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டார். போனார், வாங்கினார். மேலே கான்வாஸ் கூரை, பக்கவாட்டில் ஏறி நிற்கப் பலகை, முகப்பில் தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. எஞ்சின் நன்றாக இருந்தது. முன்கதவு இரண்டும் நன்றாக இருந்தன. பின்கதவு இரண்டையும் கரையான் தின்றுவிட்டிருந்தது. ஜமீன் கொட்டகையில் பின்சீட்டைக் கோழிகள் ஆண்டுகொண்டிருந்தன. நான் ஓட்டிக்கொண்டு வரும்போது பாவா சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்தார்.

"பாத்தியா டிரைவரு? வரும்போதே லாபம்."

வெகு நாளைக்கு நாங்கள் பார்த்த ஒரே லாபம் அதுதான்.

புதிதாக இரண்டு கதவு செய்து மாட்டிவிட்டால் வாடகைக்கு விட்டுவிடலாம். ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரம், அப்புறம் திருவாலங்காடு, ஆர்.கே.பேட்டை. மாட்டு வண்டி செய்வதில் பேர்போன ஆசாரி ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் அளவெடுத்துவிட்டு, "முன்கதவு மாதிரியே இதுக்கும் முன்னால கீல் வெச்சிட்றேங்க" என்றார்.

"வாணாம். பின்னால வை" என்றார் பாவா.

"பின்னாலன்னா?"

"கீலு பின்சக்கரத்துப் பக்கம். கைப்பிடி டிரைவரு முதுகுப் பக்கம்."

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். பாவா ஒருமுறை மதராஸில் ஒரு துரை காரிலிருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறார். அந்தக் காரில் பின்கதவு பின்பக்கமாகத் திறந்ததாம். "அந்த தொர எப்டி எறங்கனாரு தெரியுமா? கால வெச்சாரு, எழுந்தாரு, நடந்தாரு. அவ்ளதான். நம்மாளு எறங்கறத பாரு! கதவ சுத்திகினு, ஒடம்ப முறுக்கிகினு, வேலி தாண்டற ஆடு மாதிரி எறங்கறான். காசு குடுத்து வர்றவன் ஆடு மாதிரியா எறங்கணும்?"

"ஓடும்போது காத்து புடுங்கிக்கினு தொறந்துக்குங்க" என்றார் ஆசாரி.

"தொறந்தா மூடு."

ஆசாரி முழக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாவாவின் மனைவியை ஊரில் எல்லோரும் அக்கா என்போம். அந்த அக்காதான் பின்னாலேயே ஓடி வந்து அவரை மறித்தாள். "அது சொன்னபடி செஞ்சி குட்த்துடு அண்ணா. இல்லாட்டி வீட்ல இருக்கற கதவெல்லாம் திருப்பிப் போடச் சொல்லும்."

கதவு தயாரானது. மரம் சொந்த விறகுத் தொட்டியில் இருந்து வந்தது என்பதால் பாவா தாராளம் காட்டியிருந்தார். ஒவ்வொரு கதவும் கோயில் கதவுக்கு ஆகிற கனம். திறப்பதற்கு ஒரு ஆள், மூடுவதற்கு இரண்டு ஆள்.

முதல் நாளே ஒரு உண்மை தெரிந்தது. என் கதவு முன்பக்கமாகத் திறக்கும், பின்கதவு பின்பக்கமாகத் திறக்கும். நானும் பின்சீட்டுக்காரரும் ஒரே சமயத்தில் இறங்கிக் கதவை விட்டால் இரண்டும் அலமாரிக் கதவு மாதிரி நடுவில் வந்து மூடிக்கொள்ளும். அலமாரிக்குள் நான் இருப்பேன். அந்த வாரத்தில் என் மூக்கு இரண்டு தடவை வீங்கியது. பாவாவிடம் காட்டினேன். "நீ ஏன் அவசரப்பட்டு எறங்கற?" என்றார்.

அடுத்த வாரம் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு ஜவுளிக்காரர் சேலை மூட்டையோடு ஏறினார். வழியில் ஒரு பள்ளம். கதவின் பிடி விட்டது. ஆசாரி சொன்ன காற்று சொன்னபடியே வந்து கதவைப் பிடுங்கித் திறந்தது. மூட்டை வெளியே போய் அவிழ்ந்தது. நானும் அவரும் கரும்புத் தோட்டத்துக்குள் இறங்கி, காய்ந்த சோகை இலையில் சிக்கிய சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தோம். ஜவுளிக்காரர் மடிக்கும்போதெல்லாம் பாவாவின் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். ஊருக்கு வந்து நடந்ததைச் சொன்னேன்.

"கதவு நல்லாத்தான் இருக்குது. அன்னிக்கி காத்து சரியில்ல" என்றார் பாவா.

இருந்தாலும் உள்ளுக்குள் உறைத்திருக்க வேண்டும். மறுநாள் கதவில் வீட்டுத் தாழ்ப்பாள் ஒன்றை அடித்துவிட்டார். வெளிப்பக்கம்.

"உள்ள இருக்கறவங்க எப்டி பாவா எறங்குவாங்க?"

"நீ போய் தொற. மரியாதையா இருக்கும்."

ஆகவே ஒவ்வொரு தடவையும் நான் இறங்கி, சுற்றிப் போய், தாழ்ப்பாளை நீக்கி, கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் அவசரக்காரர்கள் கதவின் மேலேயே ஏறிக் குதித்துவிடுவார்கள். எந்த ஆட்டைப் பற்றிப் பாவா கவலைப்பட்டாரோ, அந்த ஆடு இப்போது நிஜமாகவே வேலி தாண்டியது. ஸ்டேஷன் போர்ட்டர்கள் இதைப் பார்ப்பதற்காகவே ரயில் வராத நேரத்திலும் வந்து நின்றார்கள்.

என் நல்ல காலம், கதவை மாற்றச் சொல்லி அக்கா ஒருவழியாக அவரைக் கரைத்துவிட்டாள். என் கெட்ட காலம், அதற்குள் ஒரு கல்யாணம் வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எங்கள் கார். முன்னால் மேளம், பின்சீட்டில் மாப்பிள்ளை, அவர் பக்கத்தில் ஒரு சிறு பெண். தனக்கு முதலில் சந்தனம் கொடுக்கவில்லை என்று மணப்பெண்ணின் தாய்மாமன் கோபித்துக்கொண்டு, காரை ஒட்டி நடந்தபடியே கத்திக்கொண்டு வந்தார். கனத்த சரீரம், கனத்த குரல். "நான் இல்லாம தாலி கட்டிக்கங்க! நான் இப்பவே மணவூர் போறேன், ரயிலு ஏறிட்றேன்!" என்றவர், கடைசிப் பேச்சை அழுத்தமாகச் சொல்லலாம் என்று சட்டென்று நின்றார்.

கார் நிற்கவில்லை. தாழ்ப்பாளைப் போட மறந்திருந்தார்கள். கதவு வாயைத் திறந்துகொண்டு ஊர்ந்து வந்து, முறத்தில் நெல்லை அள்ளுவது போல் அவரைப் பின்னாலிருந்து அள்ளியது. பலகையில் கால் தட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, மாப்பிள்ளையின் மடியில் போய் விழுந்தார். நல்லவேளை, சிறு பெண் நகர்ந்துகொண்டது. யாரோ கதவை அறைந்து மூடித் தாழ்ப்பாளையும் போட்டார்கள்.

மாமனே வலிய வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார் என்று கூட்டம் நினைத்தது. மேளம் துள்ளியது. யாரோ மாலை போட்டார்கள், யாரோ சந்தனம் பூசினார்கள். அவர் உடம்புக்குக் கதவின் மேல் ஏறிக் குதிக்க முடியாது. மண்டபம் போய்ச் சேர்வதற்குள் கோபத்தை மறந்து இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

அன்றோடு பாவாவைப் பிடிக்க முடியவில்லை. "பிரிஞ்சி போன சொந்தத்த சேத்து வெச்ச கதவுப்பா இது! முன்னால கீல் இருந்தா ஆவுமா? ஆவுமா சொல்லு?" ஆகாதுதான். முன்னால் கீல் இருந்தால் அந்த மனிதர் இடித்துத் தள்ளப்பட்டு மணவூர் போயிருப்பார். ஊரில் எங்கள் காருக்கு 'அள்ளிப் போடற வண்டி' என்று பெயர் வந்தது.

பிறகுதான் இன்ஸ்பெக்டர் வந்தார்.

அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. வண்டிகளைப் பரிசோதித்து பர்மிட் புதுப்பிக்க அங்கிருந்து ஒரு அதிகாரி வருவார். ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சில நாட்கள்தான் வருஷம். அவர் தங்கிய பங்களாவின் மரத்தடியில் காரை நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், ஹாரனை அடித்தார், பின்கதவைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது ஓடும்போது திறந்தா, உள்ளே இருக்கறவன் வெளியே போயிடுவான்."

"வெளிய இருக்கறவன் உள்ள வந்ததத்தான் சார் நாங்க பாத்துகிறோம். ஆள் இருக்குறாரு, கூட்டாரட்டுமா?" என்றார் பாவா.

"கீலை மாத்திட்டு வாங்க. பர்மிட் தர்றேன்."

"ஒருதபா ஏறி எறங்கிப் பாருங்க சார். அப்புறம் சொல்லுங்க."

அவர் நல்ல மனுஷர். ஏறினார். இறங்கினார். முகத்தில் ஒரு திருப்திகூடத் தெரிந்தது. "சௌகரியமாத்தான் இருக்கு. கீலை மாத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அன்று மாலையே மாற்றியிருப்பார்கள். பாவா காரை விறகுத் தொட்டிக்குள் விடச் சொன்னார். கிருத்திகை வந்தது. காவடிகள் அலை அலையாகத் தெருவில் போயின. ஊரில் இருந்த ஒற்றை மாட்டு வண்டிகள்கூட ஓய்வில்லாமல் ஓடின. எங்கள் கார் விறகுக் குவியலுக்கு நடுவில் நின்றது. பாவா பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் குடிக்க ஒதுங்கியவர்களைக் கூப்பிட்டு, "ஒருதபா ஏறி எறங்கு நைனா" என்றார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வரிசையாக ஏறி இறங்கினார்கள். கதவைத் திறந்து மூடியது நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விறகையெல்லாம் கொளுத்தியிருக்கலாம்.

அந்த ஆத்திரத்துக்கு வேறு காரணமும் இருந்தது. மணவூரில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். சொந்தமாக நிலம் வைத்துப் பயிர் செய்கிற குடும்பம். கிருத்திகைக்கு வந்த பெண்ணின் அப்பா என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று விறகுத் தொட்டிக்குள் நுழைந்தார். நான் நிற்கிற காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வண்டி ஓடுதா?"

"ஆங், ஓடுங்க."

"எப்போ?"

நான் துணியைப் பிழிந்தேன்.

"ஓடட்டும். அப்புறமா பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் மலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கே பாவாவிடம் சொன்னேன். "அரக்கோணத்துல பஸ்ஸுக்கு ஆள் எடுக்கறாங்க. நான் போறேன் பாவா."

"ஏன்?"

"ஓடாத வண்டிக்கு டிரைவர்னு சொன்னா பொண்ணு குடுக்க மாட்டேன்றாங்க."

"அப்போ யாரு வண்டிய தொடைக்கிறது?" என்றார்.

அக்காவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அரக்கோணத்தில் சேரும் நாள் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்னால், விட்டுவந்த என் காக்கிச் சட்டையை எடுத்துவரலாம் என்று விறகுத் தொட்டிக்குப் போனேன். கார் வெளியே நின்றது. பாவா வெயிலில் மண்டி போட்டுக்கொண்டு, திருப்புளியால் பின்கதவுக் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆசாரி கைகட்டி நின்றார். அவரைத் தொடவே விடவில்லையாம். ஒரு கதவு ஏற்கெனவே முன்பக்கக் கீலோடு ஊரில் உள்ள எல்லாக் கார்களையும் போல இருந்தது.

"என்ன பாவா இது?"

"இன்ஸ்பெக்டரு ரொம்ப கெஞ்சறாரு. போவுது, பெரிய மனுஷன்" என்றார், நிமிராமலே.

சட்டையை எடுக்க உள்ளே போனபோது அக்கா சொன்னாள். "நேத்து காலைல உங்க பாவா ரயிலேறி மணவூர் போச்சு. உன் மாமனார் வீட்டுக்குத்தான்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே அக்கா!"

"எங்கிட்டயே வந்துட்டுத்தான் சொல்லிச்சி. 'பையன் மேல தப்பில்ல, கதவு மேலயும் தப்பில்ல, சட்டத்து மேலதான் தப்பு. ஆனாலும் வண்டி ஓடும், பொண்ண குடுங்க'ன்னு கேட்டுச்சாம். வந்ததுலேர்ந்து சோறு சரியா துன்னல."

நான் வெளியே வந்து கதவின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கனம் அப்படி.

பர்மிட் வந்தது. தை மாதம் மணவூரில் கல்யாணம். மாப்பிள்ளையே வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லி, திரும்பி வரும்போது பாவாவே ஓட்டினார். வழியில் அவர் இடிக்காமல் விட்டவை எல்லாம் தாமாக ஒதுங்கிக்கொண்டவை. எப்படியோ வீடு வந்து சேர்ந்தோம். ஆரத்தியோடு அக்கா வாசலில் நின்றாள். பாவா இறங்கி, சுற்றி வந்து, பின்கதவைத் திறந்தார். என் மனைவி புதுப்புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கதவைச் சுற்றிக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தயங்கினாள்.

பாவா கையை நீட்டினார்.

"பாத்து எறங்கும்மா. கதவு தப்பா மாட்டிகீது."

அரக்கோணத்துக்கு நான் போகவில்லை. அவர் இருந்த வரைக்கும் வேறு யாருக்கும் வண்டி ஓட்டவும் இல்லை.