அகரத்தில் நிற்காத சைக்கிள்

எதையும் வாங்கியது வாங்கியபடி வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் சிலர் உண்டு. சட்டை வாங்கினால் பொத்தானை மாற்றுவார்கள், குடை வாங்கினால் பிடியை மாற்றுவார்கள். நான் அந்த ரகம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கல்யாணமான புதிதில், ஊர் மாறிப்போன நண்பரிடமிருந்து பேட்டரி சைக்கிள் ஒன்று என் கைக்கு வந்தது. கியர் வைத்து, தடித்த டயர் போட்டு, மலையேறுவதற்கென்றே செய்தது. (திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இருந்த ஒரே ஏற்றம் வேகத்தடைதான்.) ஆறடி ஆளுக்கான சைக்கிள் அது. நானோ ஐந்தடியும் கொஞ்சம் நம்பிக்கையும். குனிந்து ஓட்டும்போது தொலைந்த சில்லறையைத் தேடுகிறவன் மாதிரி இருந்தேன். ஆகவே என் வசதிக்கு மாற்றத் தொடங்கினேன்.

முதலில் உயரமான ஹேண்டில்பார். அதற்கு முன்பிரேக் கம்பி எட்டவில்லை. பின்பிரேக்கே போதும் என்று விட்டுவிட்டேன். அடுத்து மொபெட்டின் அகலமான சீட். உட்கார்ந்தால் ராஜபோகம், ஆனால் கால் தரையைத் தொடாது. பேட்டரிச் சாவி அந்த சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பிரேக் பிடிகளும் பளபளப்பாக வேண்டுமென்று மாற்றினேன். பழைய பிடியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று மோட்டாருக்குப் போனது. அது எதற்கு என்று மெக்கானிக் கேட்டார். லைட்டுக்காக இருக்கும் என்று சொல்லி நானே டேப் சுற்றினேன். (பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் ஒயர் அது. எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதுதான் கதை.)

இதற்கெல்லாம் சிகரம், கிளிப். மோட்டார் ஓட வேண்டுமானால் ஹேண்டில்பாரில் இருந்த ஒரு சின்ன விசையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரல் வலித்தது. துணி காயப்போடும் கிளிப் ஒன்றை அதில் மாட்டினேன். என் வாழ்நாள் கண்டுபிடிப்பு என்று அதைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி சுமதியின் தங்கை கலாவுக்கு அகரத்தில் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை முருகேசன், பழனிப் பக்கம் பாலசமுத்திரம். பூ மார்க்கெட்டில் மாலைகளை வாங்கி வருவது மூத்த மருமகனான என் பொறுப்பு. முதல் நாளே அகரம் போய்விட்ட சுமதி, பஸ்ஸில் வந்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சைக்கிளை இரண்டு குடும்பமும் ஒருசேரப் பார்க்க இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்குமா?

மாலைப் பைகளை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, கிளிப்பைப் போட்டுவிட்டு, தாடிக்கொம்பு சாலையில் ராஜா மாதிரி போனேன். அகரத்தில் மாமனார் வீட்டுப் பந்தல் தெரிந்தது. வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை வேட்டியில் வரிசையாக நின்றார்கள். கிளிப்பை எடுக்கக் கையை வைத்தேன். பையின் கயிறு கிளிப்பைச் சுற்றி இறுகியிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். சைக்கிள் முனகியது, நிற்கவில்லை.

கூட்டத்தில் மோதாமலிருக்க ஒரே வழி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போவது. போனேன். மறுபக்கம் வந்தால் மறுபடியும் அதே கூட்டம். பிரேக்கைப் பிடித்திருந்ததில் வேகம் என்னவோ கோழி ஓடுகிற வேகம்தான். ஆனால் இறங்கக் கால் எட்டவில்லை, விழுந்தால் மாலை போச்சு.

சுமதியும் நானும் ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியமாகப் பேசிக்கொண்டோம்.

"கிளிப்ப எடுங்க."

"கயிறு சுத்திக்கிச்சு."

"பஸ்ல வாங்கன்னு சொன்னேன்ல."

முருகேசனின் அப்பா என் மாமனாரிடம் மரியாதையாக விசாரித்தார். "ஏனுங்க, மூத்த மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

மாமனார் மானத்தைக் காப்பாற்ற ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அதைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டுப் பாட்டியம்மா ஒருவர் நான் கடந்தபோது கும்பிட்டார்.

கடைசியில் முருகேசனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் ஓடிவந்தார். "சகலை, சாவி எங்கீங்க இருக்குது?"

"எனக்குக் கீழ."

ஓடிக்கொண்டே அவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டார். எனக்குக் கூச்சம் அதிகம். நெளிந்தேன். சைக்கிள் பாதையை விட்டு இறங்கி, வீட்டை ஒட்டி அன்றுதான் நாற்று நட்டிருந்த வயலுக்குள் எங்கள் இருவரையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மாலைப் பைகளை மட்டும் கயிற்றோடு பிய்த்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தேன். கிளிப் அப்போதும் அதன் இடத்திலேயே இருந்தது. பின்சக்கரம் சேற்றில் சுழன்று, தூக்கிவிட வந்தவர்களின் வெள்ளை வேட்டியிலெல்லாம் புள்ளி வைத்தது. முருகேசன் சேற்றுக்குள் துழாவிச் சாவியைத் திருப்பினார்.

சகுனம் சரியில்லையே என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் மாமனாரின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கல்யாணத்தைக் கிளிப்பால் கெடுத்தவன் என்று பேர் வாங்கப்போகிறேன். அப்போது ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். கலாதான். அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. முகமெல்லாம் சேறான முருகேசன் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். அவரும் சிரித்துவிட்டார்.

"மாலை நனையலீங்களே," என்றார் அவருடைய அப்பா. "அப்புறமென்ன, ஆக வேண்டியதப் பாருங்க."

என் மாமனாரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு முருகேசன் மணையில் உட்கார்ந்தார். நான் சமையல்காரரின் கைலியில் பின்வரிசையில் நின்றேன்.

வீடியோக்காரர் அத்தனையையும் பிடித்திருக்கிறார் என்பது சி.டி. வந்த பிறகுதான் தெரிந்தது. நான் வயலில் இறங்கும் இடத்தை மெதுவாக ஓடவிட்டு, சுற்றிலும் இதய வடிவமும் ரோஜா இதழ்களும் போட்டிருந்தார். குடும்பம் கூடுகிற பொங்கலெல்லாம் அது ஓடும். கலாவின் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஊருக்கு வந்துவிட்டேன் என்று நான் போன் செய்தால், இன்றைக்கும் அவள் கேட்கிற முதல் கேள்வி:

"வந்துட்டீங்க சரி பெரியப்பா, நின்னுட்டீங்களா?"