அமுக்கினால் நிற்கும் மணி

"கட்டைவிரல் தேயத் தேய பெல்லை அமுக்கினேன். உள்ளே உயிரோடதானே இருந்தீங்க?"

காய்கறிப் பையோடு வாசலில் நின்ற மனைவிக்குக் கதவைத் திறந்தவர் தலைமுதல் கால்வரை செம்புத் தூளில் மின்னினார். சாப்பாட்டு மேஜையில் மெஷின் அப்போதுதான் ஒரு பலகையைச் செதுக்கி ஓய்ந்திருந்தது.

இன்சூரன்ஸ் ஆபீஸில் அவர் தலைமை குமாஸ்தா. வீட்டில் தயாரிப்புப் பொறியாளர். கம்ப்யூட்டரில் சர்க்யூட் வரைந்து கொடுத்தால், மெஷின் பலகைமேல் ஒட்டிய செம்புத் தகட்டைச் சுரண்டிக் கோடுகளை மட்டும் மிச்சம் வைக்கும். அந்தக் கோடுகள்தான் ஒயர்.

"எனக்குக் கேக்கலை. அப்ப பெல் செத்துப்போச்சு," என்று நாடி பிடிக்காமலே தீர்ப்புச் சொல்லி, பழைய பெல்லைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். "கடைச்சரக்கு இப்படித்தான். நானே ஒண்ணு டிசைன் பண்றேன்."

"நாளைக்கு சாயங்காலம் இந்த வீட்ல பெல் அடிக்கணும். இல்லேன்னா இந்த மெஷின் பழைய இரும்புக் கடைக்கு."

அவர் தூளைக்கூடத் தட்டாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

முதல் பலகை அழகாக வந்தது. ஆனால் அதில் 'சிப்' உட்கார மறுத்தது. படம் இடம் வலமாகிவிட்டிருந்தது.

"கண்ணாடியில பாத்தா சரியா இருக்கு," என்றார்.

"அப்ப கண்ணாடியை வாசல்ல மாட்டிடுங்க."

படத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு பலகை வைத்தார். திருப்பிய பெருமையில், செதுக்கும் ஊசி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று மெஷினுக்குச் சொல்ல மறந்தார். ஊசி பலகையைத் தாண்டி, சர்க்யூட் முழுவதையும் மேஜையில் செதுக்கியது.

"எவ்வளவு துல்லியம் பாரு."

"தட்டை எங்க வைக்கிறது?"

"அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல."

தகடு தீர்ந்தது. முதல் பலகையையே எடுத்து, சிப்பைச் செத்த கரப்பான்போல மல்லாத்திப் பற்றவைத்தார். எல்லாவற்றையும் தலைகீழாக்கிய சூட்டில் பொத்தானின் இணைப்பையும் தலைகீழாக்கிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பெல் தானாகவே அடிக்க ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

"அடிக்குதா இல்லையா?" என்று கத்தினார்.

"அடிக்குது. நிறுத்துங்க."

"வெளியே பொத்தானை அமுக்கினா நிக்கும்."

"யாராவது வந்தா எப்படித் தெரியும்?"

"சத்தம் நின்னா ஆள் வந்தாச்சு. உலகத்துல ஒருத்தனும் இப்படி யோசிச்சதில்லை."

"யோசிச்சிருக்க மாட்டாங்க," என்று அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் பெல் அடித்துவிட்டது. சொன்ன வாக்கை அவளால் மீற முடியவில்லை. மெஷின் பிழைத்தது. அவர் அதன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

சட்டென்று பெல் நின்றது.

"பாத்தியா, விருந்தாளி," என்று நெஞ்சை நிமிர்த்திப் போய்க் கதவைத் திறந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் பொத்தானில் விரலை ஊன்றியபடி நின்றார். எடுப்பதாக இல்லை.

"பழைய பெல்லுக்கு என்ன சார் ஆச்சு?"

"ரிப்பேர். அடிக்கலை."

"அடிக்கலையா? அது எங்க சுவரை ஒட்டித்தானே இருந்துச்சு. நேத்து மேடம் அமுக்கினப்ப ஒரு அடி விடாம கேட்டேனே. நீங்க அந்த மெஷினை நிறுத்தியிருந்தா உங்களுக்கும் கேட்டிருக்கும்."