பத்தூலின் வண்டியில் என்ன கோளாறு?

சத்தியம் என்றால் சத்தியம்தான். இந்த முறை சர்க்கரைக் கூம்பைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்கமாட்டேன்.

எங்கள் மராகேஷில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போனால், புருஷன் நீலத்தாள் சுற்றிய சர்க்கரைக் கூம்போடு போய்த்தான் அழைத்து வரவேண்டும். கல்யாணத்துக்கும் அதே கூம்புதான், பிள்ளை பிறந்தாலும் அதே கூம்புதான். ஆனால் தூக்குகிறவன் மூஞ்சியைப் பார்த்தாலே எதற்குத் தூக்குகிறான் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். என் மூஞ்சி அந்தத் தெருவுக்கு ரொம்பப் பழக்கம்.

நான் மிலூத். பாப் துக்காலாப் பேட்டையில் மொபெட் பழுது பார்க்கிறவன். வண்டி முனை திரும்பும்போதே கோளாறு எதில் என்று சொல்லிவிடுவேன். என் காதைப் பற்றி ஊரே பேசும். வினையே அந்தக் காதால்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம். குஸ்குஸ் தட்டுக்கு அந்தப் பக்கம் என் மனைவி பத்தூல் ஏதோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு வண்டி போயிற்று.

"சைலன்சர்ல ஓட்டை" என்றேன்.

"நான் இப்ப என்ன சொன்னேன்?"

"சைலன்சர்..."

"ஊர் வண்டி முக்கறது முனகறது எல்லாம் கேக்குது. கட்டினவ வாயைத் தொறந்தா மட்டும் காது அடைச்சுக்குது, இல்ல?"

அங்கியை மாட்டினாள். ஓங்கி ஓர் உதை விட்டாள். என்னை இல்லை, அவளுடைய மொபெட்டை. போயே போய்விட்டாள்.

போகட்டுமே! தானாக வருவாள் என்று அப்போது போட்டதுதான் அந்தச் சத்தியம்.

வரவில்லை. குழாய் சொட்டினால் குழாயைத் திட்டுவாள், பூனை வந்தால் பூனையைத் திட்டுவாள். இப்போது குழாய் பாட்டுக்குச் சொட்டுகிறது, கேட்க நாதியில்லை. டீ போட்டால் கை தானாக ரெண்டு கிளாஸில் ஊற்றுகிறது. ரெண்டையும் நானே குடித்தேன். ரெண்டாவது கிளாஸில் வாய் வைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் இல்லாமல் எனக்கு எதுவும் ஓடவில்லை.

அப்புறம் ஒரு காலையில் கேட்டேன். ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் அவள் வண்டி எனக்குத் தெரியாதா? கடைக்கு முன்னால் போயிற்று. கூடவே டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். பத்தூல் நெட்டுக்குத்தாக உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"பிளக் லூஸ்" என்று முணுமுணுத்தேன். எழுந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சத்தியமாயிற்றே!

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அவள் அப்பா வீடு ஊரின் தென்கோடி, சந்தையும் அந்தப் பக்கமே. என் கடை வழியாக வரவேண்டிய அவசியமே இல்லை. அதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் ஏது? அந்த டிக் டிக் எப்போது வரும் என்று காத்திருப்பதே முழுநேர வேலையாகிவிட்டது. அது கேட்டால்தான் எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கியது.

ஒருநாள் கடை முனைக்கு வந்ததும் வண்டி ஊ...ங் என்று அலறியது. திருப்பத்தில்கூட அலறல் அடங்கவில்லை. புதினா விற்கிறவன் கட்டுகளோடு சுவரில் ஒட்டிக்கொண்டான். ஐயோ, ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது!

"பத்தூல்! சுவிட்சை அணை!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவள் மறைந்துவிட்டாள்.

கருவிப் பையைத் தூக்கினேன், கிளம்பினேன். வண்டிக்காகப் போகிறேன், பெண்டாட்டிக்காக இல்லை. சத்தியம் பத்திரமாக இருக்கிறது.

கதவைத் திறந்த மாமனார் ஹாஜி தாமி என் வலது கையைப் பார்த்தார். அப்புறம் இடது கையைப் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கையை வீசிட்டு வந்திருக்கீங்க?"

"வண்டியைப் பாக்க வந்தேன் மாமா."

"ஓஹோ. நான் உங்களுக்குப் பொண்ணைக் கட்டிக் குடுத்ததா ஞாபகம்."

முற்றத்தில் வண்டி நின்றது. பத்தூல் சுவரில் சாய்ந்து நின்றாள். எங்கும் அடிபடவில்லை. அப்பாடா! ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பையைத்தான் திறந்தேன். பிளக் ஸ்பானரைக் காணோம். ஞாபகம் வந்தது, வெள்ளிக்கிழமையிலிருந்தே காணோம். பத்தூல் ஒன்றை நீட்டினாள். பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

"என்னோடது மாதிரியே இருக்கே?"

"எல்லா ஸ்பானரும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

அதுவும் சரிதான். பிளக் அரைத் திருகு லூஸ். இறுக்கினேன். டிக் டிக் போயே போச்சு.

"எப்படி!" என்றேன்.

"அது கெடக்கட்டும். ஆக்சிலேட்டர்ல என்ன கோளாறு? கண்டுபிடிங்க, சக்கரை கிக்கரை ஒண்ணும் வேணாம், இப்பவே பின்னாடி உக்காந்து வந்துடறேன். கண்டுபிடிக்கலன்னா?"

"நானா? கண்டுபிடிக்காமலா? ரெண்டு கூம்பு வாங்கிட்டு வர்றேன்டி!" என்று மார்தட்டினேன்.

கேபிளைக் கழற்றினேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஸ்பிரிங் புதுசு போலத் துள்ளியது. கார்புரேட்டரில் பொட்டுத் தூசி இல்லை. எல்லாவற்றையும் மாட்டி முறுக்கினால் வேகம் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. மறுபடி கழற்றினேன். மாடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி உலர்த்துகிற சாக்கில் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"கோளாறே இல்ல பத்தூல்!"

"அப்ப தெருவுல கத்தினது யாரு? நானா?"

கிட்டே வந்தாள். கைப்பிடியில் இருந்த என் கைமேலேயே தன் கையை வைத்து முறுக்கி, விடாமல் பிடித்தாள். ஊ...ங்!

"உங்க கடை முனையில இப்படித்தான் புடிச்சேன். கேபிள்ல தேடினீங்க, ஸ்பிரிங்ல தேடினீங்க. ஓட்டறவ கையில தேடினீங்களா?"

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"வேற எப்படிக் கூப்பிடறது? நான் பேசினாதான் கேக்காதே. தெனமும் அத்தனை தூரம் சுத்திட்டு வந்தேன். 'பத்தூல்'னு ஒரு வார்த்தை வரும்னு பார்த்தா, 'பிளக் லூஸ்'ங்கறீங்க. எனக்கும் காது இருக்கு."

வண்டியை அணைத்தேன். "வீட்டுக்கு வா பத்தூல். குழாய் சொட்டுது. திட்ட ஆளில்ல."

"வர்றேன். மொதல்ல கூம்பு."

"டீ கொதிச்சாச்சு!" என்று உள்ளேயிருந்து ஹாஜியின் குரல். "சக்கரைக்குத்தான் நிக்குது!"

மாமனார் தெரு முனையில் இருந்த மளிகைக் கடைக்குப் போனேன். கடைக்கார ஹமாத், நான் வாய் திறக்குமுன் நீலத்தாள் கூம்பு ரெண்டை எடுத்து வைத்தான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"காலையிலயே பத்தூல் சொல்லிட்டுப் போச்சே."

"ரெண்டுன்னு இப்பதானேய்யா நானே சொன்னேன்!"

"அதையும் சொல்லுச்சு அண்ணே. 'ஒண்ணு போதும் ஹமாத், ஆனா அவரு மார்தட்டி ரெண்டாக்கிடுவாரு, எதுக்கும் ரெண்டா எடுத்து வை'ன்னுச்சு."