முன் ரூமும் மூன்றாவது காதும்

சிவராஜ் ஒரு தீர்மானம் எடுத்தான். மனைவியோடு நடக்கும் வாக்குவாதத்தில் வாழ்நாளில் ஒரு தடவையாவது ஜெயித்தே தீருவது. இந்தத் தீர்மானத்தை எடுத்த ஆண்கள் உலகத்தில் ஏராளம். அதற்காகத் தீபாவளி போனஸையே கொண்டுபோய்க் கொட்டியவன் ஓசூரில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

வாங்கியது ஒரு பதக்கம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்கும். பக்கத்தில் யார் என்ன பேசினாலும் கேட்டுக்கொண்டே இருக்கும். சாயங்காலம் போனைத் திறந்தால், இன்னார் இன்னது சொன்னார் என்று வரி வரியாக எழுதிவைத்திருக்கும். கடைசியில் ஒரு சுருக்கமும் தரும்.

'இனி மறதி என்பதே கிடையாது' என்றது விளம்பரம். அதில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பல் தெரியச் சிரித்தார்கள். வினோதா பார்த்திருந்தால், இவங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆவலபோல என்றிருப்பாள். அதனால் அவளுக்குக் காட்டாமலே ஆர்டர் போட்டான்.

இது முதல் சாமான் அல்ல. இதற்கு முன் வந்த கைக்கடிகாரம், நேற்று நீங்கள் சரியாகத் தூங்கவில்லை என்று தினமும் காலையில் சொன்னது. அதுவரை மரக்கட்டை மாதிரி தூங்கியவன், நாளைக்கு அது என்ன சொல்லப் போகிறதோ என்ற பயத்தில் தூக்கத்தை விட்டான். அதற்கும் முன் வந்த மோதிரம் இதயத் துடிப்பை எண்ணியது. விரலில் சிக்கிக்கொண்டு கழற்ற வராதபோது, துடிப்பு அதிகமாக இருப்பதாக எச்சரிக்கையும் செய்தது.

சண்டை முன் ரூமைப் பற்றியது. தெருவைப் பார்த்த கதவு உள்ள அறை அந்த வீட்டில் அது ஒன்றுதான். வினோதா வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தியதிலிருந்து அடுக்களையில் இட்லி மாவு ஆட்டி விற்றுவந்தாள். எதிரில் புதிதாக ஒரு அபார்ட்மென்ட் எழும்பியிருந்தது. காலையும் மாலையும் ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் உளுந்தா ஊறவைப்பார்கள்? முன் ரூம் கிடைத்தால் அது கடை. கிடைக்காவிட்டால் அடுத்த தெருக்காரி கடை போட்டுவிடுவாள். சிவராஜுக்கோ அதே ரூமில் புதுப்புது சாமான்களைப் பற்றிப் பேசி வீடியோ போட வேண்டும். சேனலுக்குப் பெயர்கூட வைத்துவிட்டான்: ஸ்மார்ட் சிவராஜ்.

"இது என்ன, தாயத்தா?" என்றாள் வினோதா, கழுத்தைப் பார்த்து.

"தாயத்து இல்ல. சாட்சி."

"யாரு பண்ண கொலைக்கு?"

"இனிமே நீ சொன்ன, நான் சொல்லலன்னு பேச்சே கெடையாது. இதுல இருந்தா சொன்னது. இல்லன்னா சொல்லல. இந்த வீட்டுக்கு அவ்வளவுதான் சட்டம்."

"போன பொங்கலுக்கு மாடியில உக்காந்து, முன் ரூமு உனக்குத்தான்னு சொன்னீங்களே?"

"இதுல இருக்கா?"

"அப்ப இத வாங்கவே இல்லயேங்க."

"அப்ப சொல்லல."

சிவராஜுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கல்யாணமான நாளிலிருந்து வினோதா பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

பதக்கத்தை இயக்கும்போது அது ஒரு கேள்வி கேட்டிருந்தது. உங்களைச் சுற்றி இருப்பவர்கள் அனைவரும் இதற்குச் சம்மதித்துவிட்டார்களா? அனைவர் சார்பிலும் சிவராஜே 'ஆம்' என்று அழுத்தியிருந்தான். அந்த அனைவரில் பக்கத்து வீட்டு சரோஜம்மாளும் அடக்கம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. மறுநாளே தெரிந்தது.

"அக்கா, நேத்து வாசல்ல நின்னு என்ன பேசினீங்கன்னு ஒரு எழுத்து மாறாம சொல்லட்டுமா?" என்றான் சிவராஜ், சாமானின் பெருமையைக் காட்ட. "மருமக வெக்கிற சாம்பார மாடுகூட மோந்து பாக்காது. சரியா?"

சரியாகத்தான் இருந்தது. மருமகளும் சரியாகப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"என் வாயில வந்தது என்னுது தம்பி," என்றாள் சரோஜம்மாள், மருமகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு. "யாரக் கேட்டு எடுத்த? என் செடியில பூப் பறிச்சாக்கூட ஒரு வார்த்த கேப்ப."

தெருவில் அவன் வந்தால் பேச்சு நின்றது. பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள். சிவராஜ் இதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டான்.

கம்பெனி வாசலில் மட்டும் பதக்கம் செல்லவில்லை. செக்யூரிட்டி எப்போதும்போல் போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டினான்; பதக்கத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். அதையும் வீட்டில் பெருமையாகத்தான் சொன்னான் சிவராஜ்.

"உள்ள பேசறது வெளிய போவக் கூடாதாம். அவ்வளவு பவர் இதுக்கு."

"கம்பெனிக்குள்ள பேசறது வெளிய போவக் கூடாது," என்றாள் வினோதா. "நம்ம வீட்டுக்குள்ள பேசறது மட்டும் எங்கயோ இருக்கற கம்ப்யூட்டருக்குப் போவலாம்."

"அங்க சேஃபா இருக்கும்."

"யாருக்கு?"

இதற்கு விளம்பரத்தில் பதில் இல்லை. வினோதா அவன் போனை வாங்கி அன்றைய எழுத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள்.

"மத்தியானம் எங்கண்ணன்கிட்ட அவ்வளவு நேரம் பேசினேன். நீங்களும் பக்கத்துலதான் படுத்திருந்தீங்க. ஒண்ணயும் காணமே."

"அது தெலுங்கு. இது ஒரு பாஷைதான் எடுக்கும். தமிழ் போட்டிருக்கேன். மிச்சமெல்லாம் பிற ஒலின்னு போட்டு விட்டுடும்."

"குக்கர் விசிலு?"

"பிற ஒலி."

"நான் பேசறதும் குக்கர் விசிலும் ஒண்ணு."

"மெஷினுக்கு."

"சரி," என்றாள் வினோதா. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வினோதா ஜவளகிரிப் பக்கம். பிறந்த வீட்டில் தெலுங்கு. சிவராஜ் பாரூர்ப் பக்கம். தெலுங்கு எல்லாம் புரியும், நாக்கு மட்டும் திரும்பாது. அவள் தெலுங்கில் கேட்பாள், அவன் தமிழில் சொல்வான். ஓசூரில் பாதி வீடுகளில் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது. எந்தப் பாஷையில் கேட்டோம் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை.

மறுநாள் காலை வினோதா டம்ளரோடு வந்து நின்றாள். "ஏமண்டி, காஃபி தாகுதாரா?"

சிவராஜ் உருகிப்போனான். கல்யாணமான புதிதில் அவள் இப்படித்தான் கேட்பாள். அப்புறம் வருஷம் போகப் போக, சண்டைக்கும் கணக்கு வழக்குக்கும் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது. தெலுங்கு அண்ணனுக்கும் போனுக்கும் போய்விட்டது. இப்போது அந்தப் பழைய குரல், காய்ந்த துணியை உதறி மடித்து வைத்த மாதிரி, மெத்தென்று திரும்பி வந்திருந்தது. சட்டம் போட்டால் பெண்கள் எவ்வளவு அடங்கிவிடுகிறார்கள் என்று வியந்தான். அந்த வாரம் முழுவதும் காபியோடு தெலுங்கும் சூடாக வந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது அவன் பெருவெற்றி அடைந்தான்.

"ரூமு மீக்கே உண்டனி," என்றாள். ரூம் உங்களுக்கே இருக்கட்டும். அவள் பேசியது முழுக்கத் தெலுங்குதான். படிக்கிறவர்கள் வசதிக்கு மிச்சத்தைத் தமிழில் சொல்லிவிடுகிறேன். "நான் பிடிவாதம் புடிச்சது தப்பு."

"பரவால்ல விடு. இனி அதப் பேச வேணாம்."

"கிரைண்டரப் பின்னாடி, துவைக்கற கல்லுகிட்ட வெச்சுக்கட்டுமா?"

"தாராளமா கிரைண்டர வெச்சுக்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

"உங்க சேனலு எங்க வரும்?"

"முன் ரூமுலதான். வேற எங்க?"

"எனக்குத்தான் இடுப்பு வலி. தெனமும் கிரைண்டர் கல்லக் கழுவறது கஷ்டம்."

ஜெயித்தவனுக்குத் தாராள மனசு. "கல்ல நானே கழுவித் தரேன். தெனமும்."

"அண்ணன் முன்னாடி சொல்லிடலாமா?"

"ஞாயித்துக்கிழம மச்சான் முன்னாடியே சொல்லிடலாம். போதுமா?"

அன்று சுருக்கத்தை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் காதாலேயே கேட்டாகிவிட்டது. கேட்டது தெலுங்கு என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்குக் கேட்டது வெற்றி.

ஞாயிற்றுக்கிழமை வினோதாவின் அண்ணன் வெங்கடப்பன் ஒரு பை அவரைக்காயோடு வந்து இறங்கினார். சாட்சிக்கு சரோஜம்மாளையும் சிவராஜே போய் அழைத்துவந்தான். முன் ரூமில் நாற்காலி போட்டு, வீட்டுச் சட்டத்தை விளக்கினான். இதுல இருந்தா சொன்னது. இல்லன்னா சொல்லல. வெங்கடப்பன் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

"சரோஜக்காவே படிக்கட்டும்," என்றாள் வினோதா, அப்போதும் தெலுங்கிலேயே. "நம்ம ரெண்டு பேர்ல யாரு படிச்சாலும் சந்தேகம் வரும்."

சிவராஜ் மகிழ்ச்சியோடு போனை நீட்டினான். சரோஜம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோயிலில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"பிற ஒலி. சிவராஜ்: பரவால்ல விடு, இனி அதப் பேச வேணாம். பிற ஒலி. சிவராஜ்: தாராளமா கிரைண்டர வெச்சுக்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. பிற ஒலி. சிவராஜ்: முன் ரூமுலதான், வேற எங்க?"

சிவராஜ் எழுந்து நின்றான்.

"உக்காரு தம்பி, இன்னும் இருக்குது. பிற ஒலி. சிவராஜ்: கல்ல நானே கழுவித் தரேன், தெனமும். பிற ஒலி. சிவராஜ்: ஞாயித்துக்கிழம மச்சான் முன்னாடியே சொல்லிடலாம், போதுமா?" கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "கீழ சுருக்கம் போட்டிருக்குது. முன் அறையில் கிரைண்டர் வைக்க சிவராஜ் முழு மனதுடன் சம்மதித்தார். தினமும் கல்லைக் கழுவும் பொறுப்பை ஏற்றார். இதைக் குடும்பத்தார் முன் அறிவிக்க விரும்புகிறார். உடன் பேசியவர், எவரும் இல்லை."

"மச்சான், அவ தெலுங்குல சொன்னா. ரூமு உங்களுக்கேன்னு சொன்னா."

"இதுல இருக்குதா மாப்ள?"

"தெலுங்கு இதுல ஏறாது."

"அப்ப சொல்லல," என்றார் வெங்கடப்பன்.

சிவராஜ் மனைவி பக்கம் திரும்பினான். "மனசாட்சியத் தொட்டுச் சொல்லு. நீ சொன்னியா இல்லியா?"

வினோதா ஒரு வாரத்துக்குப் பிறகு தமிழில் பேசினாள். "வெள்ளிக்கிழம நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குது. பொங்கலுக்கு நீங்க சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது. ஞாபகம் செல்லும்னா பொங்கல்தான் மொதல்ல வருது, ரூமு எனக்கு. மெஷினுதான் செல்லும்னா இப்பப் படிச்சாங்க, ரூமு எனக்கு. எது செல்லும்னு நீங்களே சொல்லுங்க. உங்க சட்டம்."

சிவராஜ் வாயைத் திறந்தான். கழுத்தில் தொங்குவதைப் பார்த்து மூடிக்கொண்டான். சரோஜம்மாள் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்தாள். அவள் முகத்தில் சாம்பார்க் கடன் தீர்ந்த அமைதி.

அண்ணன் கிளம்பிப் போன பிறகு அவன் கேட்டான். "அப்ப அந்த வாரம் முழுக்கப் பேசினதெல்லாம் நடிப்பா?"

வினோதா அவரைக்காயை முறத்தில் கொட்டினாள். "காபி நெசம்," என்றாள்.

கடை திறந்த அன்று அபார்ட்மென்ட்டே இறங்கி வந்தது போலக் கூட்டம். அடுத்த தெருக்காரியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். வரிசையில் சிவராஜோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் தீர்த்தகிரியும் தூக்குவாளியோடு நின்றான். உள்ளே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்துப் பதக்கம் ஈரத்தில் ஆட, கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த உருவத்தை உற்றுப் பார்த்தான்.

"என்னண்ணா, நீங்களா?"

சிவராஜ் நிமிர்ந்தான். எத்தனை தோற்றாலும் கம்பெனியில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். கையை உதறிக்கொண்டு, வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னான்: "இந்த வீட்டுல என் பேச்சுதான்டா. ரூமக் குடுத்தது, கடையப் போடச் சொன்னது, எல்லாமே என் முடிவு."

வினோதா மாவை அளந்து தூக்குவாளியில் ஊற்றினாள்.

"ஆமாங்கண்ணா," என்றாள் தீர்த்தகிரியிடம், "மெஷின்லயே இருக்குது."