சான்றிதழில் வந்த பேர்

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பேர் "யோசி" என்று இருந்தது.

"யாரு இந்த யோசி?" என்றாள் வீரலட்சுமி. "செத்துப்போன எங்கப்பா பேரை வைக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை பாலக்காட்டுலேர்ந்து அம்மா வந்து கேட்டா என்ன சொல்ல?"

கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் எடை போடும் அவள் புருஷன் வெங்கிடாசலத்துக்கும் விளங்கவில்லை. எழுபத்துநாலாம் வருஷம் ஆடியில் பிள்ளை பிறந்ததைப் பதியப் போனபோது பேரே முடிவாகியிருக்கவில்லை. சான்றிதழோடு பதிவு ஆபீசுக்கு ஓடினான். எழுதிய குமாஸ்தா நாணு லீவில் ஆலுவா போயிருந்தார்.

"பேர் மாத்தக் காரணம் வேணும்," என்றார் பக்கத்து மேசைக்காரர். "இதுக்கு ஒரு அர்த்தமும் இல்லேன்னு பெரிய மனுஷன் யாராவது எழுதித் தரட்டும்."

ஜூ டவுனில் கடை வைத்திருந்த யூதப் பெரியவர் எலியாசிடம் போனான். சான்றிதழைப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெங்கிடா, ஆரு இட்ட பேரு இது? எங்க யோசேப்போட செல்லப் பேராக்கும். தெய்வம் இன்னும் கூட்டித் தரும்னு அர்த்தம். எங்க ஆளுங்க இஸ்ரேலுக்குக் கப்பலேறினப்புறம் இந்தத் தெருவுல இந்தப் பேர் கேட்டு இருபது வருஷமாச்சு." சான்றிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவரிடம் எப்படி எழுதி வாங்குவது? கிடங்குக்கு வரும் தரகர் தேவசியைப் பிடித்தான்.

"யோசேப்புன்னா நம்மட ஔசேப்பு புண்ணியாளனல்லே, ஏசுவை வளத்த அப்பன்," என்று தேவசி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார்.

மூட்டை இறக்கிவிட்டு நின்ற மம்மது, "எங்களுக்கு இது யூசுப் நபியோட பேரு," என்று தலைத்துண்டை அவிழ்த்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குழந்தையின் தலையில் கை வைத்தார்கள். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த பிள்ளை அடங்கி, மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. வெங்கிடாசலத்துக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இது மனுஷர் வைத்த பேரில்லை என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

வீரலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாத்த வேண்டாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மறுநாள் வெங்கிடாசலம் வெற்றிலையும் பழமும் வாங்கிக்கொண்டு, லீவு முடிந்து வந்திருந்த நாணுவைத் தேடிப் போய்க் கைகூப்பி நின்றான்.

"சேட்டா, அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?"

நாணு விழித்தார். "எனக்கா? பேரு எந்தான்னு ஞான் கேட்டு, 'யோசிக்கணும்'னு நீங்கதானே பறஞ்சது. கட்டத்துல இடம் இல்ல, பாதியில நிறுத்திட்டேன்."