தூதரின் ஃபைல்

"நீங்க திரும்பி வருவீங்கங்கிறதுக்கு என்ன சாட்சி?" என்று விசா ஏஜென்ட் மூன்றாவது முறையாகக் கேட்டார். தூதர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். திரும்பி வரக்கூடாது என்றுதானே மனிதர் இந்தப் பாடு படுகிறார்? அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

தூதர் என்பது எந்த அரசாங்கமும் கொடுத்த பதவி இல்லை. ஸ்விட்ச் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஸ்விட்சையும் பத்துத் தடவை தட்டிப் பார்த்து அனுப்புவது அவர் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இயந்திரம் பொருத்த வந்த வெளிநாட்டு இன்ஜினியரிடமிருந்து நாற்பது வார்த்தைகள் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை. கேன்டீனில் டீ வாங்கினால் அந்த மொழியில்தான் நன்றி சொல்வார். இன்னும் சர்க்கரை கேட்கிறார் போலிருக்கிறது என்று டீக்காரர் ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடுவார். கூட வேலை செய்பவர்கள் கிண்டலுக்கு வைத்த பெயர் தூதர். அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த நாட்டிலேயே ஒரு மொழிப்பள்ளியில் ஒரு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி வகுப்பில் உட்காராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போய்விட்டால் அப்படியே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு, அக்கா வீட்டு ஹாலில் போட்ட கட்டிலையும், விடிந்ததும் அத்தான் தொண்டையைக் கனைப்பதையும் ஆயுளுக்கும் மறந்துவிடலாம். கையில் இருப்பது இரண்டு மாதம்.

ஏஜென்ட் ஆபீஸ் மாடியில் இருந்தது. வாசல் போர்டில் முதல் வரி வெளிநாட்டு எழுத்தில் பளபளத்தது. அதற்குக் கீழே தாய்மொழியில் இருந்த இரண்டு வரிகளைத் தூதர் படிக்கவில்லை. அதெல்லாம் நாற்பது வார்த்தை தெரியாதவர்களுக்கு.

"வாரத்துக்குப் பதினஞ்சு மணி நேரம் வகுப்பு இருக்கணும், இருக்கு. தங்க இடம் இருக்கு. இன்ஷூரன்ஸ் இருக்கு" என்று ஏஜென்ட் விரல் மடக்கினார். "ஆனா முப்பத்தாறு வயசுல மொழி படிக்கப் போறேன்னா எந்த அதிகாரி சார் நம்புவார்? உங்களை இங்க இழுத்துப் பிடிக்க என்ன இருக்கு?"

"அக்கா இருக்காங்க" என்றார் தூதர், பக்கத்தில் இருந்த அக்காவைக் காட்டி.

"அக்காவுக்காகத் திரும்பி வந்த தம்பியை நான் இன்னும் பார்க்கல."

படியிறங்கி வந்தபோது அக்கா, "குடையை மறந்துட்டேன்டா, இரு" என்று மறுபடி மேலே போனாள். வருவதற்குப் பத்து நிமிஷம் ஆனது. ஒரு குடை எடுக்கக்கூடத் துப்பில்லாத குடும்பத்தில் பிறந்துவிட்டோமே என்று தூதர் கீழே நின்று நொந்துகொண்டார்.

மறுநாள் மேனேஜரிடம் போனார். "நான் இங்க நிரந்தர ஆளுன்னு ஒரு கடிதம் வேணும் சார்."

"தாராளமா. மூணு வருஷத்துக்கு வேலையை விடமாட்டேன்னு நீ ஒரு கையெழுத்துப் போடு."

விமானம் ஏறிய பிறகு கையெழுத்தாவது ஒன்றாவது என்று தூதர் போட்டுக் கொடுத்தார்.

ஏஜென்ட் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மூணு வருஷம் இங்க ஸ்விட்ச் தட்டுவேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் அங்க எப்படிப் படிப்பீங்க? வேலையைக் காட்டினா வம்பு சார். குடும்பத்தைக் காட்டுங்க. அதுக்கு முன்னாடி மெடிக்கல் முடிச்சிருங்க. ஒரு முழு உயர ஃபோட்டோவும் வேணும், சிரிச்ச மாதிரி."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த பெண் ஊசியை எடுத்துக்கொண்டே கேட்டாள். "குடிப்பீங்களா?"

"இல்லை."

"கோபம் வருமா?"

"எப்பவாவது."

"குறட்டை?"

"இதெல்லாமா ஃபாரத்துல இருக்கு?"

"இருக்கு" என்று அவள் ஊசியைச் செருகினாள். அந்த நாட்டின் கண்டிப்பை நினைத்துத் தூதருக்கு மெய்சிலிர்த்தது. குறட்டை விடுபவனை உள்ளே விடாத தேசமல்லவா தேசம்.

அடுத்த வாரம் ஏஜென்ட் சொன்னார். "கல்யாணம் நிச்சயமானவர்னா ஃபைல் நிக்கும். அந்த லேப் பொண்ணுக்கு வீட்ல வரன் பார்க்கிறாங்களாம். நான் பேசவா?"

தூதர் இரவெல்லாம் யோசிக்கவில்லை, அரை நிமிஷம்தான் யோசித்தார். நிச்சயம் செய்துகொள்வது, பறந்துவிடுவது, அங்கிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போடுவது. அந்தப் பெண்ணின் கதி என்ன என்ற கேள்வி அந்த அரை நிமிஷத்தில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட ஆளுக்காக நாம் இரக்கப்பட வேண்டியதில்லை.

நிச்சயம் நடந்தது. ஃபோட்டோவைப் பார்த்த ஏஜென்ட் உதட்டைப் பிதுக்கினார்.

"நிச்சயம் கலையலாமேன்னு அதிகாரி கேட்டா? பதிவுத் திருமணச் சான்றிதழ் இருந்தா யாரும் வாயைத் திறக்க முடியாது."

"கல்யாணமேவா?"

"ஒன்றாம் தேதிக்கு இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு. உங்க இஷ்டம்."

இரண்டு வாரத்தில் கல்யாணமும் நடந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தொண்டையைக் கனைக்காமல் சிரித்தார். ஏஜென்ட் மனைவியோடு வந்து, மணமக்கள் பக்கத்தில் நின்று, "இது ஃபைலுக்கு" என்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். பெட்டியோடு தூதர் மனைவியின் வீட்டுக்குக் குடிபோனார். ஹால் கட்டிலை அக்கா அன்று மாலையே மடித்துப் பரணில் போட்டாள்.

"எனக்கும் அந்த மொழியில நாலு வார்த்தை சொல்லிக் குடுங்களேன்" என்று மனைவி கேட்டாள்.

"உனக்கு எதுக்கு?" என்றார் தூதர்.

ஒன்றாம் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது விசாவை வாங்கிக்கொள்ள மாடியேறினார். ஏஜென்ட் இல்லை. முன்மேஜையில் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து சாம்பல் நிற அலமாரியை நிதானமாகத் தேடினாள்.

"சீக்கிரம்மா, எனக்கு டிக்கெட் போடணும்."

அவள் அந்த அலமாரியைச் சாத்திவிட்டு, சுவரோரம் இருந்த பச்சை அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டிலிருந்து ஒரு ஃபைலை இறக்கித் தூசி தட்டினாள். அட்டையில் தூதர் முழு உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் இருக்கு சார். அன்னிக்குக் குடை எடுக்க வந்தப்பவே உங்க அக்கா இதை விசா அலமாரியிலேர்ந்து எடுத்துக் கல்யாண அலமாரியில வைக்கச் சொல்லிட்டாங்களே, வாசல் போர்டுல ரெண்டு தொழிலும் போட்டிருக்கே, நீங்க படிக்கலையா?"